பினாங்கு தமிழ் இளைஞர் அமைப்புகளுக்கு: பார்ப்பன எதிர்ப்பைப் பற்றி ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தமிழ் இளைஞர் அமைப்புகளை நடத்திவரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்கள் மேடைகளில் எப்போதெல்லாம் பார்ப்பானைத் திட்டுகிறார்களோ அப்போதெல்லாம் கைத்தட்டல் எழுகிறது. திருவள்ளுவரைப் பற்றிப் பேசும்போதோ தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவதைப் பற்றிப் பேசும்போதோ அவ்வளவு பலமான கைத்தட்டல் வருவதில்லை. இதைப் பல நிகழ்ச்சிகளில் கவனித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அந்த உரிமையில் எழுதும் மடல் இது.

அந்தக் கோபமே தப்பு என்று சொல்ல வரவில்லை. அது எங்கிருந்து வந்தது, யாரைப் பார்த்து வந்தது, இன்று இந்த மண்ணில் யாருக்குப் பயன்படுகிறது என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

நூறு வருஷத்துக்கு முந்திய சென்னை மாகாணத்தைப் பாருங்கள். பிராமணர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவே இருந்தார்கள். 1912-ல் அந்த மாகாணத்தில் இருந்த 140 டெபுடி கலெக்டர்களில் 77 பேர், கீழ்க்கோர்ட்டு நீதிபதிகளான 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர், 18 துணை நீதிபதிகளில் 15 பேர் பிராமணர்கள். 1892-லிருந்து 1904 வரை வெள்ளைக்கார அரசின் உயர்பதவிக்கான ஐ.சி.எஸ். தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் அவர்களே. படிப்பு அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்ததும் முதலில் உள்ளே போனதும் அவர்கள்தான். கோர்ட்டும் கச்சேரியும் அவர்கள் கைக்கு வந்தன. இது இயல்பாக நடந்ததுதானே என்று சிலர் கேட்பார்கள். எழுத்து மற்றவர்கள் கைக்குப் போகாமல் பல நூற்றாண்டுகள் தடுத்துவைத்த பிறகு, எழுதத் தெரிந்தவனுக்குத்தான் வேலை என்று சொன்னால் அதை இயல்பு என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

வேலை மட்டும் காரணம் இல்லை. பணமும் நிலமும் உள்ள வேளாளரையும் செட்டியாரையும்கூட கோர்ட்டு சூத்திரர் என்றே எழுதியது. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வரும் பிராமணரல்லாத பையன்களுக்குத் தங்க இடம் கிடைப்பது பெரும்பாடு. அதற்காகவே டாக்டர் நடேச முதலியார் 1910-களில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். 1916-ல் பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்ட தியாகராயச் செட்டியார், டி.எம். நாயர் போன்றவர்கள் பிச்சைக்காரர்கள் இல்லை, மானம் கெட்டு இருக்க மறுத்தவர்கள். ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் 1941 வரை இருந்தது. காப்பிக் கடை பலகையில் 'பிராமணாள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு கடைப் பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க 1957-லும் மறியல் செய்ய வேண்டியிருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சேரன்மாதேவி குருகுல விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வ.வே.சு. ஐயர் தேசபக்தர், பெரிய படிப்பாளி. அவர் காங்கிரஸ் நிதியும் பொதுமக்கள் பணமும் வாங்கி நடத்திய குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி. நாட்டு விடுதலைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதருக்குக்கூட ஒரே வரிசையில் இலை போடும் துணிவு வரவில்லை என்றால், அந்த வழக்கம் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கும் என்று பாருங்கள். பெரியார் 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். ஆக, அந்தக் கோபத்தைக் காரணமில்லாத வெறுப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி நம் பக்கம் வருவோம். 1929 டிசம்பரில் பெரியார் கப்பலில் வந்து இறங்கியது நம் பினாங்குத் துறைமுகத்தில்தான். அங்கிருந்து ஈப்போவுக்குப் போய்த் தமிழர் மாநாட்டில் பேசினார். அவர் வருவதை எதிர்த்தவர்களும் இங்கே இருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்ட தோட்டத் தமிழர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? சமபந்தி, ஐயரில்லாத கல்யாணம், கள்ளுக்கடை எதிர்ப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். 1935-ல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி 1952-ல் தமிழர் திருநாளைக் கொண்டுவந்தார். சாதியும் மதமும் பார்க்காமல் தமிழர் ஒன்றாகக் கூட ஒரு நாள் வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்த மண்ணில் சுயமரியாதை இயக்கத்துக்கு உயிர் கொடுத்தவை இந்த வேலைகள்தான்.

ஏனென்றால் இங்கே நம்மை ஒடுக்கியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். மலாயாத் தோட்டத்தில் பிராமணர் எங்கே இருந்தார்? மேலே வெள்ளைக்கார துரை, அவருக்குக் கீழே கணக்கு எழுதும் கிராணி, அப்புறம் ஆள் கூட்டி வந்து வேலை வாங்கும் கங்காணி. 1938-ல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை கங்காணி தன் ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தத்தையும் அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர் வந்தது, ஊரோடு சாதியும் வந்தது. பல தோட்டங்களில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டன. நிபோங் திபால் பக்கம் என் அம்மா ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தில் ஆதிதிராவிடர் லயம் தனியாக, சாக்கடை இறங்கும் பக்கத்தில் இருந்தது. எங்கள் குடும்பம் அந்த லயத்துக் குடும்பம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் உபயம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, சாமி எந்த லயம் வரைக்கும் வரும் என்பதையெல்லாம் தீர்மானித்தவர் கங்காணி. அந்தக் கோயிலில் பூசை செய்தவர் பிராமணரல்லாத பண்டாரம். பூணூல் போட்ட ஆளை என் அம்மா முதன்முதலில் பார்த்தது கல்யாணமாகி ஜோர்ஜ்டவுனுக்கு வந்த பிறகு. ஆனால் 'தள்ளி நில்லு' என்ற பேச்சை அவர் ஐந்து வயதிலேயே கேட்டிருக்கிறார். சொன்னவர்கள் நம்மைப் போன்ற தமிழர்கள், அடுத்த லயத்துக்காரர்கள்.

இங்கே வந்த சொற்பப் பிராமணர்கள் பெரும்பாலும் பட்டணத்தில் எழுத்து வேலையிலும் பத்திரிகையிலும் இருந்தார்கள். கோலாலம்பூரில் 1924-ல் தமிழ் நேசனைத் தொடங்கியவர் நரசிம்ம ஐயங்கார். 2019-ல் மூடும் வரை அந்தப் பத்திரிகையைத்தான் நம் தாத்தா பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கே.ஏ. நீலகண்ட ஐயர் மலாயா மத்திய இந்தியர் சங்கத்தின் செயலாளராக இருந்து தோட்டத் தொழிலாளரின் நிலைமையை ஆங்கிலத்தில் எழுதி 1938-ல் நூலாகவே வெளியிட்டார். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்ற ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் வேலை பார்த்தவர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. எவ்வளவு மானமுள்ள கோரிக்கை! இதையெல்லாம் பிராமணர்களுக்கு நற்சான்று கொடுக்க எழுதவில்லை. நம் வரலாற்றை நாமே தெரிந்துகொள்ளாமல் தமிழ்நாட்டு மேடைப்பேச்சை அப்படியே இங்கே இறக்கினால் அது பொருந்தாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கே அது முழுசாகப் பொருந்தவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1921-ல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. அப்போது அந்தப் பிராமணரல்லாதார் இயக்கத்தின் நீதிக்கட்சித் தலைவர்களே ஆதிதிராவிடர் மீது பழி போட்டார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா மனம் வெறுத்து 1923-ல் அந்தக் கட்சியை விட்டு விலகினார். பிராமணரல்லாதார் என்று ஒரே கொடிக்குக் கீழே நின்றவர்களுக்குள் இருந்த மேல் கீழ் அப்போதே வெளியே தெரிந்துவிட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்தக் கொடுமைக்குக் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார் பிராமணர் இல்லை. அதே தஞ்சையில் பிராமண மிராசுகளும் இருந்தார்கள், அவர்கள் பண்ணைகளிலும் கூலிக்காரன் மனிதனாக நடத்தப்படவில்லை. ஆனால் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக அந்தப் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாச ராவ் பிறந்தது ஒரு கன்னடப் பிராமணக் குடும்பத்தில். 2012-ல் தருமபுரியில் ஒரு காதல் கல்யாணத்துக்காக 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைக் கொளுத்தியவர்கள் யார்? 2023-ல் நாங்குநேரியில் கூடப் படித்த பையனை வீடு புகுந்து வெட்டிய மாணவர்கள் யார்? தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் சாதிக்கயிறு கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள் யார்? ஒரு ஆசிரியையாக எனக்கு அந்தக் கயிற்றுச் செய்தியைப் படித்தபோது தூக்கமே வரவில்லை.

பார்ப்பனியம்தான் எல்லாவற்றுக்கும் மூலம், மற்றவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான் என்று உங்கள் பேச்சாளர்கள் விளக்கம் சொல்வார்கள். சாஸ்திரத்தின் பேரால் மேல் கீழ் எழுதி வைத்தது யார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மூலம் எங்கோ இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே இன்று கையில் அரிவாள் வைத்திருப்பவனைத் தப்பவிடுகிறோமே, அதுதான் என் மனக்குறை. அவனும் அதே மேடையில் உட்கார்ந்து கைதட்டுகிறான்.

இங்கே அரிவாள் இல்லை. நல்லவேளை. சாதி வேறு விதமாக வேலை செய்கிறது. 'உங்க பூர்வீகம் எந்த ஊரு?' என்று கேட்பார்கள். ஊர் சொன்னால், 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று அடுத்த கேள்வி வரும். என் தம்பி மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன், இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா சீர்திருத்தக் கூட்டங்களில் முப்பது நாற்பது வருஷமாக முன்வரிசையில் உட்காருகிறவர். ஆள் விட்டு விசாரித்தார்கள். என் அம்மா இருந்த லயம் எது என்று தெரிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகத்தையே நம்பாதவர் என்று மேடையில் பேசியவர் அவர். அந்தப் பெண் இன்னும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

சாதிச் சங்கங்கள் இங்கே வெளிப்படையாகத் தீபாவளி விருந்து நடத்துகின்றன. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரன் தேடும் செய்தி சாதிப் பெயரோடு வருகிறது. கட்சித் தேர்தல் வந்தால் யார் யாருக்கு எத்தனை 'ஆளு' என்று கணக்குப் போடுகிறார்கள். கோயில் நிர்வாகத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடங்கள் உங்களுக்கே தெரியும். இதில் எதையாவது உங்கள் மேடையில் பேசியிருக்கிறீர்களா? எனக்கு நினைவில்லை. இதைப் பேசினால் நிதி கொடுக்கிறவர் முகம் சுளிப்பார், மண்டபம் கொடுக்கிறவர் யோசிப்பார், சொந்த மாமாவே சண்டைக்கு வருவார். பார்ப்பானைத் திட்டினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கூட்டத்தில் பதில் சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டார்.

அப்படித்தான் நினைக்கிறீர்கள். ஆனால் ஒருத்தர் இருக்கிறார். பல கோயில்களில் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதி வாங்கி வந்த ஒரு குருக்களோ அர்ச்சகரோ இருக்கிறார். கோயில் பேரில் எடுத்த அனுமதி அது. நிர்வாகத்தோடு மனஸ்தாபம் வந்தால் அவர் ஊருக்குப் போக வேண்டியதுதான். பின்கட்டில் ஒரு அறை, விடிகாலையிலிருந்து நடைசாத்தும் வரை வேலை. சிலர் இங்கேயே நிலைத்துக் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அப்படி ஒருவரின் மகன் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். உங்கள் அமைப்புகளில் ஒன்று நடத்திய விழாவில் குடுமியும் பஞ்சகச்சமும் போட்டு, ஐயர் பேச்சைக் கொழகொழவென்று பேசி ஒரு நாடகம் போட்டார்கள். அதில் ஐயர் திருடுகிறார், பயப்படுகிறார், கடைசியில் அடிவாங்குகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுவாரம் அந்தப் பையனைச் சுற்றி நின்று அதே குரலில் பேசினார்கள், தோளில் நூல் இருக்கிறதா என்று சட்டையை இழுத்துப் பார்த்தார்கள். அவனுடைய ஆசிரியை என்னிடம் இதைச் சொன்னபோது குரல் நடுங்கியது. அவன் எந்த முன்சீப் கோர்ட்டில் உட்கார்ந்தான்? யாருக்குத் தண்ணீர் கொடுக்க மறுத்தான்?

கருவறைக்குள் யார் போகலாம் என்ற கேள்வியைக் கேட்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கண்டிப்பாகக் கேளுங்கள், நானும் உங்களோடு வருகிறேன். தமிழ்நாட்டில் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக 1970-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். வழக்குகளையெல்லாம் தாண்டி, பயிற்சி முடித்த பல சாதி அர்ச்சகர்கள் 2021 ஆகஸ்டில்தான் பணியமர்த்தப்பட்டார்கள். ஐம்பது வருஷப் போராட்டம் அது. அதை இங்கே கேட்க வேண்டிய இடம் கோயில் நிர்வாகக் குழு. அர்ச்சகரை வரவழைப்பது, சம்பளம் கொடுப்பது, அனுப்பிவைப்பது எல்லாம் அவர்கள். இங்கே பிறந்த பயிற்சி பெற்ற பிள்ளைகளை, எந்தச் சாதியாக இருந்தாலும், ஏன் எடுப்பதில்லை என்று அவர்களிடம் கேளுங்கள். மாதச் சம்பளத்துக்கு மணி அடிக்கிறவரைக் கேலி செய்து என்ன வரப்போகிறது?

இன்னொன்று. பிறப்பைக் காரணம் காட்டி ஒரு கூட்டத்தையே வெறுக்கப் பழகினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட்டவன் சித்பாவன் பிராமணன் என்று தெரிந்ததும் மகாராஷ்டிரத்தில் பல ஊர்களில் பிராமணர் வீடுகளைக் கொளுத்தினார்கள். கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சென்னையில் 2015 ஏப்ரலில் வயதானவர்களை வழிமறித்துப் பூணூலை அறுத்தார்கள். இதைச் செய்தவர்கள் தங்களைப் பகுத்தறிவாளர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். பாம்பையும் பார்ப்பானையும் சேர்த்துச் சொல்லும் அந்த வசனத்தை உங்கள் மேடையில் ஒரு பதினாறு வயதுப் பெண் உற்சாகமாகச் சொன்னதை நான் கேட்டேன். ஒருத்தர் இன்ன வயிற்றில் பிறந்தார், அதனால் அவர் இப்படித்தான் இருப்பார் என்பதுதானே நம்மைச் சாக்கடைப் பக்கத்து லயத்தில் வைத்த கணக்கு? அதே கணக்கை அந்தப் பிள்ளைக்கு நாம் ஏன் சொல்லிக்கொடுக்கிறோம்? ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து 1892-ல் சிலப்பதிகாரத்தையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையரையும், 1939-ல் எதிர்ப்புக்கு நடுவே ஆலயப் பிரவேசம் செய்து மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துப் போன வைத்தியநாத ஐயரையும் அந்த வசனத்துக்குள் எப்படி அடைப்பீர்கள்?

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, இவரே சொல்லிவிட்டார், நாங்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள்' என்று யாராவது இந்த மடலைச் சுற்றுக்கு விட்டால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்சீப் கணக்கையும் தனிப்பந்தியையும் மறந்துவிட்டு இன்றைய கேலியை மட்டும் பேசுவது நேர்மை இல்லை. தன் வீட்டுப் பெரியவர்கள் செய்ததைச் சங்கடப்படாமல் பேசத் தயாராக இருக்கிறவரோடு உட்கார்ந்து பேச நான் தயார்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? அடுத்த விழாவில் அந்த நாடகத்தைப் போடாதீர்கள். அந்த நேரத்தில் தோட்டத்து லயங்களைப் பற்றி ஒரு நாடகம் போடுங்கள். இன்னும் உயிரோடு இருக்கிற எண்பது வயதுக்காரர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள், அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை. உங்கள் பொறுப்பாளர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாதி விசாரிக்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் முன்னால் சொல்லட்டும். சாதிச் சங்கத்தில் பதவி வகிப்பவருக்கு உங்கள் அமைப்பில் பொறுப்பு இல்லை என்று விதியில் எழுதுங்கள். அந்த ஐந்தாம் ஆண்டுப் பையன் வீட்டுக்கு இரண்டு பேர் போய் அவன் அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசிவிட்டு வாருங்கள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் பரவாயில்லை, போய் உட்கார்ந்தாலே அவர்களுக்குப் புரியும்.

இந்த மடலை உங்கள் ஆண்டுக் கூட்டத்தில் படிக்க விரும்பினால் நானே வந்து படிக்கிறேன். எதிர்த்துக் கேள்வி கேட்க நினைக்கிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை
ஜெலுத்தோங், பினாங்கு